இல்லாத கட்டுரையைத் தேடி வருபவர்கள்

பல்கலைக்கழக நூலகத்தில் ஆராய்ச்சி மாணவர்கள் இப்போது கேட்டு வரும் கட்டுரைகளில் சில, உலகத்தில் யாருமே எழுதாதவை. ஆசிரியர் பெயர் இருக்கும். ஆய்விதழின் பெயர் இருக்கும். தொகுதி, இதழ், பக்க எண், ஆண்டு எல்லாம் கச்சிதமாக இருக்கும். போய்ப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் வேறொருவரின் கட்டுரை இருக்கும். இல்லையென்றால் அந்த ஆண்டில் அந்த இதழே தொடங்கியிருக்காது. இவற்றை இட்டுக்கட்டித் தருவது செயற்கை நுண்ணறிவு. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்தது. ஒரு வருடம் ஆவதற்குள் ரெஃபரன்ஸ் மேசைக்கு இப்படிப்பட்ட பட்டியல்கள் வந்து சேர்ந்தன. "சார், இந்த ஒரு ஆர்ட்டிகிள் மட்டும் எங்க தேடியும் கிடைக்க மாட்டேங்குது. நீங்கதான் எப்படியாவது வாங்கிக் குடுக்கணும்" என்று கேட்பார்கள். எப்படியாவது வாங்கிக் கொடுப்பதற்கு அது எங்கேயாவது இருக்க வேண்டுமே.

மாணவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2023-ல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், நடக்காத வழக்குகளின் தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார்கள். அவர்களும் இயந்திரம் சொன்னதைச் சரிபார்க்காமல் தாக்கல் செய்தவர்கள்தான்.

நூலகர் வேலை இனி இருக்குமா என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். புத்தகத்தை எடுத்துக் கொடுக்க ஆள் தேவைப்படாமல் போகலாம். அப்படி ஒரு புத்தகம் உண்டா, இல்லையா என்று பொறுப்போடு சொல்ல ஆள் வேண்டும்.

நான் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, சொந்த ஊரான ஒட்டன்சத்திரத்துக்கே வந்துவிட்டவன். இந்த ஊரில் மார்க்கெட் என்றால் காய்கறி மார்க்கெட். சுற்றுப்பட்டில் விளையும் முருங்கையும் தக்காளியும் வெண்டையும் இங்கே வந்து, பெரும்பகுதி கேரளத்துக்கு லாரி ஏறுகிறது. மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் மாமா ஒருவர், நான் லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "ஏன் மாப்ள, புஸ்தகத்த எடுத்துக் குடுக்கறதுக்கு எதுக்கு அவ்வளவு படிப்பு?" மாமாவைக் குறை சொல்ல முடியாது. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பல பேராசிரியர்களுக்கு அந்தச் சந்தேகம் உண்டு.

எஸ்.ஆர்.ரங்கநாதனுக்கே முதலில் அப்படித்தான் இருந்தது. சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். வகுப்பறையின் கலகலப்புக்குப் பழகியவருக்கு அந்த வெறுமை தாங்கவில்லை. சில நாட்களிலேயே கல்லூரிக்குத் திரும்பிவிடுகிறேன் என்று முதல்வரிடம் போய் நின்றார் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. முதலில் இங்கிலாந்து போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வா, பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். போய் வந்தவர்தான் 1931-ல் நூலகவியலின் ஐந்து விதிகளையும், 1933-ல் கோலன் வகைப்பாட்டையும் எழுதினார். அன்றைக்கு ஆள் தேடியவர்கள், புதிதாக ஒரு வகைப்பாட்டு முறையை உருவாக்கத் தெரிந்தவர் தேவை என்று கேட்டிருக்கப் போவதில்லை. இந்த வேலையில் ஆளெடுக்கும்போது கேட்கிற தகுதி ஒன்று, உட்கார்ந்த பிறகு தேவைப்படுகிற தகுதி வேறொன்று. நூறு வருடமாக இதே நிலைமைதான்.

நான் சேர்ந்தபோது தேவைப்பட்ட தகுதி நல்ல கையெழுத்து. கேட்டலாக் அட்டை பன்னிரண்டரைக்கு ஏழரை சென்டிமீட்டர். கீழே நடுவில் கம்பி கோக்க ஒரு துளை. ஒரு புத்தகத்துக்கு ஆசிரியர் அட்டை, தலைப்பு அட்டை, பொருள் அட்டை என்று குறைந்தது மூன்று எழுத வேண்டும். அப்புறம் கணினி வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 1991-ல் அகமதாபாத்தில் தொடங்கிய இன்ஃப்லிப்நெட், பல்கலைக்கழக நூலகங்களுக்கென்று 'சோல்' மென்பொருளைக் கொடுத்தது. நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊர் நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-ல் ஓடத் தொடங்கிய 'கோஹா', காசில்லாமல் கிடைத்ததால் நம் கல்லூரிகள்வரை வந்தது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு பயிற்சி, ஒரு சான்றிதழ், குழுப் புகைப்படம். அந்தச் சான்றிதழ்கள் இப்போதும் பீரோவில் இருக்கின்றன. அவற்றில் கற்ற கட்டளைகள் எதுவும் இன்றைக்கு உதவாது.

உதவியது என்ன என்று யோசித்தால், அட்டைகளைக் கணினிக்கு மாற்றிய காலம்தான் நினைவுக்கு வருகிறது. அந்த வேலையை டெண்டரில் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். பதிவு ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. தட்டச்சு செய்த பிள்ளைகள் வேகமாகத்தான் அடித்தார்கள். தமிழ்ப் பெயரில் முதலெழுத்து எது, பெயர் எது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. விளைவு, மு.வ. ஒருவரே நான்கைந்து பேராகப் பிரிந்துபோனார்: மு.வ., மு.வரதராசன், வரதராசனார் மு., டாக்டர் மு.வ., போதாததற்கு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமான எழுத்துக்கூட்டல். மாணவர் ஒரு பெயரைப் போட்டுத் தேடுவார். ரேக்கில் வரிசையாக இருக்கும் நாவல்களில் பாதிகூடத் திரையில் வராது. "லைப்ரரியில இல்ல சார்" என்று போய்விடுவார். பின்னால் அதே நூலகங்களில் ஆர்எஃப்ஐடி கேட்டுக்கு லட்சக்கணக்கில் செலவழித்தார்கள். புத்தகம் திருட்டுப் போகாமல் கேட் காவல் காக்கிறது. இருக்கிற புத்தகத்தைக் காட்டத்தான் ஆளில்லை.

எதிர்காலத்து நூலகருக்கு என்ன தெரிய வேண்டும் என்று கூட்டங்களில் பேசுகிறவர்கள் செயற்கை நுண்ணறிவு, பெருந்தரவு, பிளாக்செயின் என்று அடுக்குவார்கள். தமிழ்நாட்டில் உட்கார்ந்திருக்கும் நூலகர் முதலில் தமிழ் எழுத்து கணினிக்குள் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். அதை அமெரிக்காவிலிருந்து எந்த நிறுவனமும் வந்து நமக்காகச் செய்யப் போவதில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாக உள்ளிடலாம். ககரத்தோடு 'ஒ' குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒரே எழுத்துதான். மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கும்படி அமைக்கப்படவில்லை என்றால், ஒன்றைத் தேடினால் மற்றது வராது. 'ஔவையார்' இன்னும் மோசம். 'ஔ' என்ற ஒரே எழுத்தை அடிப்பதற்குப் பதிலாக 'ஒ'வும் 'ள'வும் அடித்துவிடுவார்கள். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆத்திசூடிப் பதிப்புகளில் ஒரு பங்கு ஒரு பக்கம், மறு பங்கு மறு பக்கம் போய்விடும். எங்களிடம் இளைஞர் ஒருவர் உதவி நூலகராகச் சேர்ந்தார். பைத்தானில் சில வரிகள் எழுதி, மொத்தப் பதிவுகளையும் ஓட்டி, இந்த இரட்டைகளை எல்லாம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். நூலகருக்கு நிரல் தெரிய வேண்டும் என்றால் இந்த அளவுக்குத்தான். செயலி செய்து விற்க வேண்டியதில்லை.

ஆய்வேடுகள் பக்கம் வந்தால் கதை வேறு. 2009-ல் யுஜிசி கொண்டுவந்த விதிப்படி முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படியையும் தர வேண்டும். அது ஷோத்கங்கா களஞ்சியத்துக்குப் போகும். தமிழ்த் துறை ஆய்வேடுகள் பல, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டு வந்தன. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. டைப்பிங் சென்டர்களுக்கு அந்த ஆணை போய்ச் சேரவில்லை. பழைய எழுத்துருவில் அடித்தது நம் கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு ஆங்கில எழுத்துக் குப்பை. கருத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் அதைப் போட்டால் என்ன ஆகும்? ஒற்றுமை ஏறக்குறைய பூஜ்யம் என்று அறிக்கை வரும். 2018-ல் வந்த யுஜிசி ஒழுங்குமுறையில் 10 விழுக்காடுவரை தண்டனை இல்லை, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து என்று படிப்படியாக வகுத்திருக்கிறார்கள். அந்தப் படிக்கட்டில் கால் வைக்காமலே ஒரு ஆய்வேடு தாண்டிப் போய்விடும். நேர்மையாக எழுதியவருக்கும் இதில் நஷ்டம்தான். அந்த ஆய்வேட்டை எந்தத் தேடுபொறியும் கண்டுபிடிக்காது; ஐந்து வருட உழைப்பைக் களஞ்சியத்தில் போட்டுப் பூட்டியதுபோல் ஆகிவிடும். அறிக்கையில் வரும் எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்கு நூலகர் எதற்கு? அந்த எண் எப்படி வந்தது என்று கேட்கத் தெரிந்தவர்தான் வேண்டும்.

வெளிநாட்டு நூலகங்களில் தமிழ்ப் புத்தகம் தேடுவதும் ஒரு தனிக் கலை. 1962-லிருந்து அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தில் தமிழ் நூல்கள் வாங்கப்பட்டு அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்குப் போயின. நம் ஊரில் கிடைக்காத பதிப்பு சிகாகோவில் இருப்பது இப்படித்தான். ஆனால் அங்கே உ.வே.சாமிநாதையரைத் தேடுகிறவர், நாம் வழக்கமாக எழுதும் ஆங்கில எழுத்துக்கூட்டலை மறந்துவிட வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் முறைப்படி சகரத்துக்கு 'எஸ்' கிடையாது, 'சி' எழுத்து. இது தெரிந்த நூலகர் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பார். தெரியாதவர் இல்லை என்று அனுப்பிவிடுவார். அதோடு, எந்தப் பொருள் எங்கே இருக்கும் என்ற வரைபடம் மனதில் இருக்க வேண்டும். பழைய பதிப்புகளுக்கும் சிறுபத்திரிகைகளுக்கும், கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பை வைத்து 1994-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நூலகம். மின்வடிவத்துக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஈழத்து வெளியீடுகள் என்றால் 2005-லிருந்து இயங்கும் நூலகம் இணையக் களஞ்சியம். இயந்திரம் ஒரு தமிழ் நூற்பட்டியலைத் தயாரித்துத் தரும்போது, இருக்கிற ஆசிரியருக்கு இல்லாத நூலை எழுதிக் கொடுப்பது சகஜம். இந்த மூன்று இடத்திலும் தேடிப் பார்த்தால் பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஓய்வுக்குப் பிறகும் இந்த வேலை என்னை விடவில்லை. சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் எங்கெங்கோ பதிவு செய்து ஆராய்ச்சி செய்கிறார்கள். யாராவது சொல்லி, மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். சமீபத்தில் வணிகவியல் மாணவி ஒருவர் வந்தார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டின் விலை ஏற்ற இறக்கம்தான் ஆய்வு. கமிஷன் கடைகளில் கொடுக்கும் சிட்டைகளைப் போனில் படம் பிடித்து, எக்செல்லில் ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார். நல்ல உழைப்பு. முருங்கை என்ற பத்தியைப் பார்த்தேன். விலை மட்டும் வரிசையாக இருந்தது.

"ஏம்மா, இது எந்த முருங்கை?"

"முருங்கைதான் சார்."

"மர முருங்கையா, செடி முருங்கையா, கரும்பு முருங்கையா? மூணுக்கும் மூணு விலை போகுமே."

அவருக்குத் தெரியாமல் இல்லை. அவர் அப்பாவே முருங்கை போட்டிருக்கிறவர். எக்செல்லில் அதற்கு ஒரு பத்தி வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதேபோலத் தக்காளி விலை 'பெட்டிக்கு' என்று இருந்தது. பெட்டிக்குப் பதினான்கு கிலோ என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நாளைக்கு இந்தத் தரவை எடுத்துப் பார்க்கும் டெல்லிக்காரருக்கோ, பத்து வருடம் கழித்து வரும் இன்னொரு மாணவருக்கோ அது எப்படித் தெரியும்? உட்கார வைத்து ஒரு தனித் தாளில் எல்லாவற்றையும் எழுத வைத்தேன்: அலகு என்ன, ரகம் என்ன, சிட்டை எந்த நேரத்து ஏலத்துடையது, விடுமுறை நாள் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது. கோப்புகளுக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் வைத்தால் தானாகவே ஒழுங்காக நிற்கும். தரவு எப்போதும் மூன்று படி இருக்க வேண்டும். இரண்டு வேறு வகைச் சாதனங்களில். அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. அவரிடம் இருந்தது ஒரே ஒரு பென் டிரைவ், அதுவும் சாவிக்கொத்தில். ஆராய்ச்சித் தரவு மேலாண்மை என்று பெரிய பெயர் வைத்துக் கருத்தரங்கு நடத்துகிறார்களே, அது இவ்வளவுதான். அட்டையில் ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதப் பழகியவனுக்கு இது புதிய வேலையே அல்ல.

புதிய வேலை என்றால் ஒப்பந்தம் படிப்பது. அச்சு இதழ்க் காலத்தில் சந்தாவை நிறுத்தினாலும் பைண்ட் செய்த பழைய தொகுதிகள் ரேக்கில் இருக்கும். மின்னிதழில் அப்படி இல்லை. சந்தா நின்ற மறுநாள், பத்து வருடம் பணம் கட்டிய இதழின் பழைய பக்கம்கூடத் திறக்காமல் போகலாம். பணம் கட்டிய ஆண்டுகளுக்கு நிரந்தர அணுக்கம் உண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் தப்பிக்கலாம். அந்த வரி இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்தான ஒப்பந்தங்களை நான் பார்த்திருக்கிறேன். சட்டம் படித்தவர் நிர்வாகத்தில் இருப்பார். ஆனால் எந்த வரியைத் தேட வேண்டும் என்று அவருக்குச் சொல்ல வேண்டியவர் நூலகர்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். நல்ல காரியம். ஆனால் இது அரசின் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும்தான். தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு சுயநிதிக் கல்லூரிகள். அரசுக் கல்லூரியில் சேர்ந்த பெண்ணுக்குத் திறக்கும் கட்டுரை, தனியார் கல்லூரியில் சேர்ந்த அவள் தங்கைக்குத் திறக்காது. தங்கை என்ன செய்வாள் என்று எல்லோருக்கும் தெரியும், கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் சை-ஹப்புக்குப் போவாள். அந்தத் தளத்தின் மேல் 2020-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டு, 2025 ஆகஸ்டில் முடக்க உத்தரவும் வந்துவிட்டது. ஆசிரியரே தம் பக்கத்தில் வைத்திருக்கும் முன்படி, பல்கலைக்கழகக் களஞ்சியத்துப் படி, கட்டுரையாளருக்கே ஒரு மின்னஞ்சல் என்று சட்டப்படியான வழிகள் இருக்கின்றன. பெரும்பாலான கட்டுரையாளர்கள் கேட்டால் அனுப்பிவிடுவார்கள். மாணவருக்கு இதைச் சொல்லித் தருவதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம்.

காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் போலி இதழ்கள் இன்னொரு தலைவலி. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்து நூலகர் ஜெஃப்ரி பீல் இவற்றின் பட்டியலை இணையத்தில் போட்டு வந்தார். 2017-ல் அதை எடுத்துவிட்டார். நம் யுஜிசியும் கேர் என்ற நல்ல இதழ்கள் பட்டியலை வைத்திருந்தது. 2025-ல் அதையும் கைவிட்டு, தரம் பார்க்கும் பொறுப்பை நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. அந்தப் பொறுப்பு கடைசியில் வந்து விழும் மேசை எங்களுடையது. என் கமிஷன் கடை மாமா மூட்டையைப் பிரித்ததும் இது எந்தப் பக்கத்து லோடு என்று சொல்லிவிடுவார். விற்க வந்தவர் வேறு ஊர் பேரைச் சொன்னாலும் ஏமாற மாட்டார். நூலகருக்கு இதழ்கள் விஷயத்தில் அந்தக் கண் வேண்டும். ஐஎஸ்எஸ்என் எண்ணை அதன் மூலத் தளத்தில் போட்டுப் பார்ப்பது, ஆசிரியர் குழுவில் பெயர் உள்ளவருக்கே அது தெரியுமா என்று விசாரிப்பது, நல்ல இதழின் பெயரைத் திருடி வைத்திருக்கும் நகல் தளத்தை முகவரியை வைத்துக் கண்டுகொள்வது என்று பழகப் பழக வரும். அனுப்பிய வாரமே ஏற்றுக்கொண்டு, கூடவே கட்டண விவரமும் அனுப்புகிற இதழைப் பற்றி அதிகம் ஆராயவே வேண்டாம்.

இவை எதையும் பட்டியலாகப் போட்டு நியமன விளம்பரத்தில் சேர்த்துவிட முடியும் என்று நான் நினைக்கவில்லை. நெட் தேர்வில் ரங்கநாதனின் ஐந்து விதிகளை வரிசைப்படுத்தச் சொல்லிக் கேட்கலாம். எதிரில் வந்து நிற்கும் பிள்ளைக்கு உண்மையில் எது தேவை என்று இரண்டு கேள்வியில் தெரிந்துகொள்ளும் பழக்கத்தைத் தேர்வு வைத்துப் பார்க்க முடியாது. நல்ல நூலகர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்துதான் அது வரும். பல இடங்களில் அந்தப் பக்கத்து நாற்காலியே காலியாகக் கிடக்கிறது. நூலகர் பணியிடத்தை நிரப்பாமல் யாராவது ஒரு பேராசிரியருக்குக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்து வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். கூடுதல் பொறுப்பில் இருப்பவர் பில்லில் கையெழுத்துப் போடுவார். 'ஔ' எழுத்தைத் திருத்த மாட்டார்.

ஆய்வு நெறியாளர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. ஆய்வேட்டை முடித்து, ஒற்றுமைச் சான்றிதழில் கையெழுத்து வாங்கவே முதன்முதலாக நூலகரைப் பார்க்க வருகிற மாணவருக்கு எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு. எழுத்துருவை மாற்றவோ, தொலைந்த தரவை மீட்கவோ, போலி இதழில் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கவோ அப்போது முடியாது. தலைப்பைப் பதிவு செய்வதற்கு முந்திய வாரமே அனுப்பி வையுங்கள். அரை நாள் போதும்.